பூச்சி தொடாத கடுகு

ஜெசிந்தா மேடம் இறந்துவிட்டார் என்ற செய்தி வந்தபோது நான் அவருடைய தோட்டத்து ஓரத்தில்தான் நின்றுகொண்டிருந்தேன். காலையில் எங்கள் சுத்திகரிப்பு நிலையத்து மோட்டார்களை ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு, கசடு மூட்டைகளை அடுக்கும் கொட்டகைக்குப் பின்புறமாக வந்திருந்தேன். அவருடைய தம்பி அருள் கூப்பிட்டார். "அக்கா போயிட்டா சார்" என்றார். ஆறுதலாக எதையோ சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அவர் அழ ஆரம்பித்துவிட்டார். போனைக் காதில் வைத்தபடி எதிரே பார்த்துக்கொண்டிருந்தேன். நெய்வேலிக் காட்டாமணக்கு ஆள் உயரத்துக்கு வளர்ந்து, வெளிறிய ஊதாப் பூக்களோடு நின்றது. காற்று துளிகூட இல்லை. ஆனால் நடுவில் ஒரு வரிசை மட்டும் இந்த முனையிலிருந்து அந்த முனைவரை மெதுவாக அசைந்து அடங்கியது, யாரோ செடிகளை விலக்கிக்கொண்டு நடந்து போவதைப்போல. கீரிப்பிள்ளையாக இருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். போய்ப் பார்க்கவில்லை.

இதைப் படிக்கும் பலருக்கு அவரைத் தெரியும். திருப்பூரில் சாயப்பட்டறைகளின் கழிவுநீரைச் சுத்திகரிக்கும் பொது நிலையம் ஒன்றில் எங்களோடு வேலை பார்த்தவர்களுக்கு அவர் ஜெசிந்தா மேடம். நிலையத்து மதிலுக்கு அந்தப் பக்கம், லைன் வீடுகளில் குடியிருக்கும் வடநாட்டுத் தொழிலாளர்களுக்கு அவர் 'கீரை மேடம்'. அந்தப் பெயர் எப்படி வந்தது என்று புதிதாகக் குடிவந்தவர்களுக்குத் தெரியாது. முன்பு கீரை விற்றவர் போலிருக்கிறது என்று அடக்கத்தன்று என் காதுபட ஒருவர் சொன்னார். அதனால்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

அவருடைய பெற்றோர் தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து பனியன் கம்பெனி வேலைக்கு வந்தவர்கள். அப்பா கட்டிங் மாஸ்டர். அம்மாவுக்குப் பிசிறு வெட்டும் வேலை. மேடம் சிறுவயதிலேயே இங்கே வந்துவிட்டாலும் பேச்சில் தெற்குச் சாயல் கடைசிவரை போகவில்லை. கோயம்புத்தூரில் தாவரவியல் படித்து, உலோகங்களை உறிஞ்சும் செடிகளைப் பற்றி ஆராய்ச்சி செய்து பட்டம் வாங்கினார். கல்லூரி வேலைக்குப் போயிருக்கலாம். எங்கள் ஆய்வகத்துக்கு வந்தார். ஏன் என்று நான் கேட்டதற்கு, "விஷம் இங்கல்லா சார் இருக்கு. காலேஜ்ல போயி நான் எதப் பாக்க?" என்றார்.

நான் அங்கே இயந்திரங்களுக்குப் பொறுப்பாளன். கழிவுநீரைச் சுத்தம் செய்தால் தண்ணீர் திரும்பப் பட்டறைக்குப் போகும். அடியில் தங்குவது கசடு. ஈயமும் குரோமியமும் தாமிரமும் அதில்தான் இருக்கும். இப்போது அதை மூட்டை கட்டிக் கொட்டகையில் வைக்கிறோம். கொட்டகை வருவதற்கு முன்னால் நிலையத்தின் பின்மூலையில் திறந்தவெளியில் கொட்டி வைத்திருந்தார்கள். பிறகு அள்ளி எடுத்துவிட்டாலும் அந்த மண் மட்டும் சாம்பல் நிறத்தில் கிடந்தது. எங்கும் முளைக்கும் சீமைக்கருவேலம்கூட அதில் முளைக்கவில்லை. மழை பெய்தால் அதன்மேல் நிற்கும் தண்ணீர் ஒரு நாள் நீலமாகவும் மறுநாள் கருஞ்சிவப்பாகவும் தெரியும். அந்த மூலையைத்தான் மேடம் கேட்டார். நிலையத்தின் தலைவர் சிரித்துக்கொண்டே கொடுத்தார்.

மேடம் அதில் குளத்து வண்டலும் சாணமும் கலந்து கடுகு விதைத்தார். ஈயத்தை வேரால் இழுத்து இலையில் வைத்துக்கொள்வதில் கடுகு கெட்டிக்காரச் செடி என்று அவர் படித்த நூல்களெல்லாம் சொல்லின. வளர்ந்ததும் பூக்கும் முன்பே பிடுங்கி, உலர்த்தி, மூடிய உலையில் எரித்து, அந்தச் சாம்பலைக் கசட்டோடு சேர்த்துப் பத்திரப்படுத்த வேண்டும். திரும்பத் திரும்பச் செய்தால் மண் தேறும். பார்க்க வந்தவர்கள் செடி விஷத்தைத் தின்றுவிடும் என்று புரிந்துகொண்டு போவார்கள். மேடம் விடமாட்டார். "செடி எதையும் அழிக்கல. மண்ணு சுமந்தத இப்ப அது சுமக்குது. நாம வாங்கி இறக்கி வைக்கிறவரைக்கும் வேலை முடியல" என்று ஒவ்வொருவரிடமும் சொல்வார்.

முதல் பயிரே எங்களை வாயடைக்க வைத்தது. எதுவும் முளைக்காத இடத்தில் இடுப்பளவு பச்சை. வெளிநாட்டு வியாபாரிகள் வந்தால் தலைவர் நேரே அங்கேதான் கூட்டிப்போவார். அவர்கள் அதன்முன் நின்று படம் எடுத்துக்கொள்வார்கள். எனக்கு மட்டும் அங்கே நிற்க ஒரு மாதிரியாக இருந்தது. காரணம் உடனே பிடிபடவில்லை. எங்கள் குடும்பத்துக்கு வெள்ளகோவில் பக்கம் தோட்டம் உண்டு. வரப்போரம் கடுகு விதைப்போம். மார்கழிப் பனி இறங்கினால் கடுகில் அசுவினிப் பூச்சி அப்பிக்கொள்ளும். புழு இலையைச் சல்லடையாக்கும். இந்தக் கடுகில் ஓர் இலையில்கூட ஓட்டை இல்லை. தத்துக்கிளி இல்லை, எறும்பு இல்லை, சிலந்தி நூல்கூட இல்லை. ஒவ்வோர் இலையும் பிளாஸ்டிக்கில் செய்ததுபோல் முழுசாக இருந்தது.

"ஏனுங்க மேடம், இதுல ஏன் ஒரு பூச்சியக்கூடக் காணோம்?" என்று கேட்டேன்.

"பூச்சிக்குத் தெரிஞ்சிருக்கு சார். நமக்குத்தான் கண்டுபிடிக்கக் கருவி வேணும்" என்றார். பிறகு கையைக் காட்டி என்னைப் பேசாமல் நிற்கச் சொன்னார். நல்ல உச்சி வெயில். தொட்டிகளுக்குக் காற்றடிக்கும் இயந்திரம் தூரத்தில் ஓடிக்கொண்டிருந்தது. மதிலுக்கு அப்பால் காக்கை கத்தியது. ஆனால் எங்களைச் சுற்றி, அந்தப் பச்சைக்குள், எதுவுமே இல்லை. ஒரு வயலுக்குள் நின்றால் காதில் ஓயாமல் ஏதோ ஒன்று கேட்டுக்கொண்டே இருக்கும் என்பது அது இல்லாத இடத்தில் நின்றபோதுதான் எனக்குத் தெரிந்தது. சீக்கிரமே அலுவலகத்துக்குத் திரும்பிவிட்டேன். மேடம் அங்கேயே நின்றார்.

மண்ணில் ஈயம் குறைந்துகொண்டு வந்தது. மூன்றாவது பயிரின் முடிவும் நன்றாக வந்தால் மற்ற நிலையங்களிலும் இதைச் செய்யலாம் என்று பேச்சு இருந்தது. மேடத்தின் இத்தனை வருடப் படிப்பு அந்தப் பயிரில்தான் நின்றது. அந்தப் பயிரில்தான் இலைகள் காணாமல் போகத் தொடங்கின.

முதலில் சொன்னவர் காவலாளி முத்துசாமி அண்ணன். அவர் பயந்த ஆள் கிடையாது. ஆனால் அன்றைக்கு வேலிக்கம்பியில் எலுமிச்சம்பழமும் மிளகாயும் கட்டியிருந்தார். "காத்தால வெளிச்சம் வந்தப்பறம்தானுங்க கேக்குது. தோட்டத்துக்குள்ள வளையல் சத்தம். போய்ப் பார்த்தா ஆளில்லீங்க. செடி மட்டும் ஆடுதுங்க" என்றார். ஒரு முறை அல்ல, பலமுறை கேட்டிருக்கிறார். கசடு கொட்டிய மண்ணில் பயிர் வைத்தது பூமாதேவிக்குப் பொறுக்கவில்லை என்று அவர் ஒரு கணக்குப் போட்டு வைத்திருந்தார்.

மேடமும் நானும் போய்ப் பார்த்தோம். செடிகள் நின்றன. ஆனால் வரிசை வரிசையாகக் கொழுந்து மட்டும் இல்லை. முற்றிய இலைகளை யாரும் தொடவில்லை. ஒரு செடி ஒடிந்திருக்கவில்லை. மண்ணில் மிதிபட்ட தடம்கூடச் சரியாகத் தெரியவில்லை. ஆடு மேய்ந்திருக்கும் என்றேன் நான். மேடம் குனிந்து ஒரு தண்டின் நுனியை வெகுநேரம் பார்த்தார். நிமிர்ந்து தன் கட்டைவிரல் நகத்தைக் காட்டினார்.

"ஆடு இல்ல சார். நகம்" என்றார்.

அடுத்த நாள் ஞாயிற்றுக்கிழமை. கம்பெனிகளுக்கு விடுமுறை. மழைநீர் வெளியேற மதிலின் அடியில் விட்டிருந்த திறப்பில் செங்கல் பெயர்ந்து ஆள் நுழையும் அளவுக்கு அகலமாகியிருந்தது. அதன் வழியாகக் குனிந்து அந்தப் பக்கம் போனோம். முத்துசாமி அண்ணன் கம்போடு பின்னால் வந்தார். சீமைக்கருவேலங்காட்டுக்குள் ஒற்றையடிப் பாதை ஒன்று போயிற்று. முள்ளை ஒதுக்கிச் சுத்தமாகப் பெருக்கி வைத்திருந்தார்கள். அதில் பச்சைக் கண்ணாடி வளையல் துண்டு ஒன்று கிடந்தது. அதைப் பார்த்ததும் முத்துசாமி அண்ணன் பெருமூச்சு விட்டு, மனுசங்கதான் என்று சிரித்தார். மேடம் சிரிக்கவில்லை.

"பேயா இருந்திருந்தா நல்லாருக்கும்" என்றார்.

பாதை லைன் வீடுகளின் பின்வாசலில் முடிந்தது. தகரக்கூரை போட்ட ஒற்றை அறைகள், ஒரே வரிசையாக. வாசலுக்கு வாசல் கடுகெண்ணெயில் பூண்டும் கீரையும் வதங்கும் வாடை. எங்களைக் கண்டதும் பேச்சு நின்றது. முதல் வாசலில் ஓர் இளம்பெண் முறத்தில் கடுகு இலைகளைப் பரப்பி ஆய்ந்துகொண்டிருந்தாள். நிறைமாதம் ஆகியிருக்காது, ஆனால் வயிறு நன்றாகத் தெரிந்தது. சுனிதா என்று பெயர். பீகார்க்காரி. பனியன் கம்பெனியில் செக்கிங்கில் இருந்தாள். கூட வேலை பார்க்கும் கொங்குப் பெண்களிடம் தமிழ் கற்றதால் எங்களைவிட அதிகமாக 'ங்க' போட்டாள்.

"உள்ள வாங்கக்கா. எங்க ஊர்க் கீரைங்க. சாப்பிட்டுத்தான் போகோணும்" என்று எழுந்தாள்.

திருட்டு என்ற எண்ணமே அவளிடம் இல்லை. கேட்காமலேயே எல்லாவற்றையும் சொன்னாள். அவர்கள் ஊரில் குளிர் வந்தால் இந்தக் கீரைதான். இங்கே சந்தையில் தேடிப் பார்த்திருக்கிறாள், கிடைக்கவில்லை. மதில் உடைப்பு வழியாகப் பார்த்தால் தோட்டம் முழுக்க நிற்கிறது. யாரும் பறிப்பதாகத் தெரியவில்லை. பிள்ளை உண்டானதிலிருந்து வாய்க்கு எதுவும் பிடிக்காமல் இருந்தவளுக்கு இது மட்டும் இறங்கியது. பிறகு பக்கத்து வீடு, அதற்கடுத்த வீடு என்று வரிசை முழுக்கப் பழகிவிட்டது. காலையில் வேலைக்குப் போகும் முன் அவள்தான் பறித்து வந்து எல்லோருக்கும் பங்கு வைப்பாள்.

"ஒரு பூச்சி இல்லீங்கக்கா. கழுவக்கூட வேண்டாம்" என்றாள் பெருமையாக.

சொல்லிக்கொண்டே தட்டில் ரொட்டியும் கீரையும் வைத்து நீட்டினாள். மேடத்தின் கை தன்னையறியாமல் பின்னால் போயிற்று. அதைச் சுனிதா பார்த்துவிட்டாள். அவள் முகம் மூடிக்கொண்டது.

"எங்க ஊட்ல சாப்பிட மாட்டீங்களாக்கா?" என்று கேட்டாள்.

மேடம் அந்த வாசலிலேயே தரையில் உட்கார்ந்தார். தட்டை வாங்கிக் கீழே வைத்தார். அவளையும் உட்கார வைத்து இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். "உன் வீட்டுச் சாப்பாடு எனக்கு வேணும்மா. வெறுஞ்சோறு போடு, சாப்பிடுதேன். இந்தக் கீரைய மட்டும் நானும் தின்னக் கூடாது, நீயும் தின்னக் கூடாது. மண்ணுல இருக்க விஷத்த உறியணும்னே நான் போட்ட செடி இது" என்றார்.

விஷம் என்ற சொல் அவளுக்குப் புரியாதோ என்று நான் ஹிந்தியில் சொன்னேன். அவளுக்கு முன்பே புரிந்திருந்தது. அழவில்லை. குனிந்து தன் வயிற்றைப் பார்த்தாள். பிறகு, நியாயமான ஒரு சந்தேகத்தைக் கேட்பவள்போல், மெதுவாகக் கேட்டாள்.

"நான் தின்னது இப்ப எங்கக்கா இருக்குது?"

மேடம் சோறு கேட்டு, உப்பும் பச்சைமிளகாயும் வைத்துச் சாப்பிட்டார். வரிசையில் இருந்த பெண்களெல்லாம் ஒவ்வொருவராகத் தங்கள் வீட்டுக் கீரைச் சட்டியைக் கொண்டுவந்து எங்கள் சாக்கில் கவிழ்த்தார்கள். சட்டி விளிம்பில் கரண்டி தட்டும் சத்தம் மட்டும் வரிசையின் அந்தக் கோடிவரை கேட்டது. திரும்பி வரும்போது அந்தக் கேள்விக்கு என்ன பதில் என்று மேடத்திடம் கேட்டேன். "பதில் தெரியும் சார். அதான் சொல்ல முடியல" என்றார். ஈயம் எலும்பில் போய்த் தங்கும் என்பதையும், வயிற்றுப் பிள்ளைக்குத் தாயின் எலும்பிலிருந்தும் போகும் என்பதையும் நான் பின்னால் அவரிடமிருந்துதான் தெரிந்துகொண்டேன்.

மறுநாள் தலைவர் அறையில் நடந்த பேச்சு கடுமையாக இருந்தது. மதிலை அடைத்துவிட்டு, கம்பிவேலி போட்டு, இதோடு விட்டுவிடலாம் என்பது அவர் கட்சி. வெளியே தெரிந்தால் தோட்டமும் போகும், நிலையத்துக்கும் பூட்டு விழும் என்றார். அவர் கெட்ட மனிதர் அல்ல, அவருக்கும் பயம்தான். மேடம் கடைசிவரை கேட்டுவிட்டு ஒன்றே சொன்னார்: "ஆதாரம் இல்லாம பயப்படவும் கூடாது சார், ஆதாரம் வரட்டும்னு சும்மா இருக்கவும் கூடாது." அன்றே லைன் வீட்டுக்காரர்களைக் கூட்டி, அவர்களுக்குள் தமிழும் ஹிந்தியும் தெரிந்த ஒரு டெய்லரைப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டு, ஒளிக்காமல் எல்லாவற்றையும் சொன்னார். 'கீரை மேடம்' என்ற பெயர் அன்றைக்கு வந்ததுதான்.

பிற்பகல் கையுறை போட்டுக்கொண்டு கடுகைப் பிடுங்கத் தொடங்கினார். இன்னும் சில வாரம் நின்றிருந்தால் ஆய்வு முழுமையாகியிருக்கும். மற்ற நிலையங்களுக்குப் போகும் பேச்சும் அத்தோடு முடிந்தது. நானும் போய்ச் சேர்ந்துகொண்டேன். ஈர மண்ணிலிருந்து வேர்கள் சத்தமில்லாமல் வந்தன. பிடுங்கிப் போட்ட பச்சை வெயிலில் குவிந்து கிடந்தது. ஓர் ஈ வந்து உட்காரவில்லை. மேடம் ஒரு செடியைக்கூடத் தூக்கி எறியவில்லை. தூங்குகிற பிள்ளையைக் கிடத்துவதுபோல் ஒவ்வொன்றாக வைத்தார். எனக்கு அது துக்க வீட்டு வேலையைப் போலிருந்தது.

சுனிதாவையும் மற்றவர்களையும் மேடமே மருத்துவமனைக்கு அழைத்துப்போய் ரத்தப் பரிசோதனை செய்ய வைத்தார். மற்றவர்களுக்குப் பெரிதாக ஒன்றுமில்லை. அதிகமாகத் தின்றவள் சுனிதா. அவள் ரத்தத்தில் ஈயம் இருக்கக் கூடாத அளவில் இருந்தது. கீரையை நிறுத்திவிட்டதால் மெல்லக் குறையும், சுண்ணாம்புச் சத்து மாத்திரை போடட்டும், பிள்ளையைப் பற்றி இப்போது எதுவும் சொல்ல முடியாது என்றார் மருத்துவர். பிரசவத்துக்கு அவள் ஊருக்குப் புறப்பட்டபோது மேடம் ரயில் நிலையத்துக்குப் போனார். தன் எண்ணை அவள் போனில் தானே பதிந்து கொடுத்து, "நல்லதோ கெட்டதோ, பிள்ளை பிறந்ததும் ஒரு வார்த்தை சொல்லு" என்று கேட்டுக்கொண்டார். அவள் தலையாட்டினாளாம். அதன்பின் தகவல் இல்லை. அவள் எண் சில மாதத்தில் செயலற்றுப் போயிற்று. கணவன் வேறு ஊருக்கு வேலைக்குப் போய்விட்டான் என்றார்கள். அந்த அறைக்கு வேறு குடும்பம் வந்தது.

சில வருடம் கழித்து ஒரு மார்கழியில் மேடத்தின் போன் அடித்தது. தெரியாத எண். எடுத்தால் பேச்சில்லை, மூச்சு மட்டும். தவறான எண்ணாக இருக்கும் என்று நான் சொன்னேன். அவர் ஒப்பவில்லை. "பெரியவங்க மூச்சு இல்ல சார். பிள்ளை மூச்சு" என்றார். அடுத்த மார்கழியிலும் வந்தது, எண் வேறு. திரும்பக் கூப்பிட்டால் அணைத்து வைத்திருப்பதாகப் பதிவுக்குரல் சொல்லும். ஒரு முறை ஆய்வகத்தில் நானும் இருந்தேன். மேடம் ஒலிபெருக்கியில் போட்டார். சின்ன மூச்சு, வாய்க்கு வெகு அருகில். தூரத்தில் குக்கர் விசில். அதற்கும் பின்னால், கொஞ்சமாக, வளையல் சத்தம். கண்ணாடிக் குடுவைகளுக்கு நடுவே நாங்கள் இருவரும் அசையாமல் நின்றோம். மேடம் கதை சொல்வதுபோல் எதையெதையோ பேசினார்: மழை பெய்தது, ஆய்வகத்தில் பூனை குட்டி போட்டிருக்கிறது என்று. அந்தப் பக்கம் கேட்டுக்கொண்டே இருந்தது. பிறகு தானாகத் துண்டித்தது.

அன்றைக்கு அவர் சொன்னதை இதுவரை நான் யாரிடமும் சொன்னதில்லை. "பேசத் தெரியாத வயசு தாண்டியிருக்கணும் சார். கூச்சமா, இல்ல பேச்சு வராத பிள்ளையா? அதத்தான் என்னால கண்டுபிடிக்க முடியல" என்றார். யாருடைய பிள்ளை என்பதே உறுதியில்லையே என்று நான் வாதாடினேன். அவர் போனைப் பார்த்தபடி இருந்தார்.

அவர் அந்த மூலையை விட்டுவிடவில்லை. ஆய்வு என்ற பெயர் போய்விட்டது, பார்வையாளர்கள் வருவதில்லை. இனி யாருக்கும் தின்னத் தோன்றாத செடியாக வைக்கிறேன் என்று ஆடுமாடு சீந்தாத நெய்வேலிக் காட்டாமணக்கை வைத்தார். எங்கும் வேரோடு பிடுங்கி எறிகிற களையை ஒருவர் பாத்தி கட்டி நட்டது பலருக்குச் சிரிப்பாக இருந்தது. அதுவும் உலோகத்தை இழுக்கும், மெதுவாக. முந்தைய பயிர்களில் பிடுங்கத் தவறிய செடிகள் பூத்துக் காய்த்து உதிர்த்த ஒன்றிரண்டு கடுகு விதைகள் எப்படியோ தப்பியிருந்தன. மழைக்குப் பின் மதிலோரத்திலும் லைன் வீட்டுத் துணி துவைக்கும் கல்லடியிலும் முளைக்கும். ஞாயிற்றுக்கிழமை காலையில் மேடம் ஒரு சாக்கோடு போய் ஒவ்வொன்றாகப் பிடுங்கி வருவார். முழுசாக முடிந்தது என்று நினைக்கும்போது எங்காவது ஒன்று, ஓட்டையில்லாத இலையோடு, நின்றுகொண்டிருக்கும்.

போன வருடம் ஒரு நாள் கையில் ஒரு கடுகுச் செடியோடு என் அறைக்கு வந்தார். தோட்டத்து நடுவில் முளைத்திருந்ததாம். இலையைத் திருப்பிக் காட்டினார். அடியில் அசுவினி, சாம்பல் பூத்ததுபோல் அப்பியிருந்தது. "தின்னுது சார், பாருங்க" என்றார். அவர் அழுததை நான் பார்த்தது அன்றைக்கு மட்டும்தான். மண்ணைப் பரிசோதித்ததில் ஈயம் வெகுவாக இறங்கியிருந்தது. அதை அவர் யாருக்கும் அறிவிக்கவில்லை. இன்னும் கொஞ்சம் போகட்டும் என்றார்.

இந்த ஐப்பசியில் காய்ச்சல் என்று படுத்தவருக்குச் சிறுநீரகம் கெட்டிருந்தது தெரிந்தது. கசட்டோடு பழகியதால்தானே என்று பலர் கேட்டீர்கள். மருத்துவர் அப்படிச் சொல்லவில்லை, எனக்கும் தெரியாது. தெரியாததைச் சொன்னால் அவர் என்னை மன்னிக்கமாட்டார். கடைசியாகப் போய்ப் பார்த்த பகலில் அவருக்குக் கண் திறக்கவே சிரமமாக இருந்தது. தோட்டத்தைப் பற்றிக் கேட்பார் என்று எதிர்பார்த்தேன். தலையணையருகே கையைத் துழாவி, "போன்ல சார்ஜ் இருக்கா பாருங்க" என்றார். இருந்தது. இருக்கிறது என்றேன். அதற்குப் பிறகு அவர் என்னிடம் பேசவில்லை.

அடக்கம் முடிந்து சில நாள் கழித்து அருள் அந்தப் போனை என்னிடம் கொண்டுவந்து கொடுத்தார். வீட்டில் வைத்துக்கொள்ள மனம் வரவில்லை என்றார். மேடத்தின் நூல்கள் கல்லூரிக்குப் போயின. தோட்டத்தை ஆய்வகத்தார் பார்த்துக்கொள்கிறார்கள். ஜெசிந்தா மேடத்திடமிருந்து நான் வைத்துக்கொண்டது இந்த எண் ஒன்றுதான். பணம் கட்டி, அது செயலற்றுப் போகாமல் பார்த்துக்கொள்கிறேன். போனை அணைப்பதில்லை.

சென்ற வாரம், மார்கழி பிறந்த பிறகு, சாப்பாட்டு வேளையில் அது அடித்தது. தெரியாத எண். எடுத்து ஹலோ என்றேன். மூச்சு கேட்டது. ஆண்குரல் என்றதும் ஒரு நொடி நின்று, மறுபடி கேட்டது. மேடம் இறந்துவிட்டார் என்பதை ஹிந்தியில் எப்படிச் சொல்வது என்று எனக்குத் தெரியும். வாயில் வந்தது தமிழ்தான்.

"மேடம் இப்ப இல்லை, கண்ணு. நான் இருக்கறேன்" என்றேன்.

அந்தப் பக்கம் போனை வைக்கவில்லை. என் எதிரே தட்டில் சோறு ஆறிக்கொண்டிருந்தது. என்ன பேசுவது என்று தெரியாமல், இங்கே பனி அதிகம் என்று சொல்ல ஆரம்பித்தேன்.